ஹலினா என் பெயரைச் சொல்லவில்லை

அந்தச் சத்தத்தைப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தபடியே கேட்டேன். காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து முறித்தால் வருமே, அப்படி. அத்தனை பேர் கத்திக்கொண்டிருந்த மைதானத்தில் அது எப்படி என் காதில் விழுந்தது என்று இப்போது யோசித்தால் சந்தேகமாக இருக்கிறது. எதிர்பார்த்துக்கொண்டிருந்ததால் கேட்ட மாதிரி இருந்ததோ என்னவோ.

மிரேய் என்ற பதினேழு வயதுப் பெண் வளைவு முடிந்து நேர்ப்பாதை தொடங்கும் இடத்தில் விழுந்தாள். ரிலே ஓட்டம். கையில் பிடித்திருந்த பேட்டன் உருண்டு அடுத்த தடத்துக்குப் போனது. அவள் அழவில்லை. உட்கார்ந்த வாக்கில் இடது குதிகாலுக்குப் பின்பக்கம் தொட்டுப் பார்த்தாள். யாரோ உதைத்துவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பியும் பார்த்தாள். பின்னால் ஒருவரும் இல்லை.

அவளுடைய பயிற்சியாளர் ஹலினா தடத்தின் ஓரமாக ஓடினாள். பாதி வழியில் ஒரு கணம் நின்று, தலையைத் தூக்கி, கூட்டத்தில் என்னைத் தேடினாள். கண்டுபிடித்தும்விட்டாள்.

நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும். நான் டாக்டர். ஆனால் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அரை நிமிடம்கூட இருக்காது.

இந்தத் தொடரில், என் முதல் கனடாப் பனிக்காலத்தில் நான் வழுக்கி விழுந்த கதைகளைப் படித்துச் சிரித்ததாகப் போன வாரம் சிலர் எழுதியிருந்தார்கள். சந்தோஷம். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு மூன்று வாரமாகவே தள்ளிப்போட்டு வந்தேன்.

சுரங்கப்பாதையில்

நாங்கள் மாண்ட்ரியலுக்கு வந்தது, அறுபத்தேழில் அங்கே நடந்த உலகப் பொருட்காட்சி முடிந்த மறு வருஷம். என் கணவர் ராமநாதனுக்குப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் கற்பிக்கும் வேலை. என்னிடம் சென்னையில் வாங்கிய எம்.பி.பி.எஸ். பட்டம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு இங்கே தனியாக ஒரு காய்ச்சலுக்குக்கூட மருந்து எழுத முடியாது. மறுபடி பயிற்சி, மறுபடி தேர்வு, அதன்பிறகு உரிமம் என்றார்கள். நடுவில் இரண்டு பிள்ளைகள் பிறந்ததில் அந்த உரிமம் வருஷக்கணக்கில் தள்ளிக்கொண்டே போனது.

நான் பயிற்சியில் சேர்ந்த மருத்துவமனையின் கட்டிடங்களைப் பூமிக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை இணைத்தது. தலைக்கு மேலே வெந்நீர்க் குழாய்கள். சலவைத்தூள் வாசனை. ஒரு பனிக்கால மதியம், எக்ஸ்ரே படங்களை எடுத்துக்கொண்டு அந்த வழியாகப் போனபோது எதிரே ஒரு பெண் ஓடி வந்தாள். சலவைப் பிரிவின் சாம்பல் நிறச் சீருடை. காலில் காலுறை மட்டும். வலது கையில் உருளையாகச் சுருட்டிய துண்டு.

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவள் என்னைத் தாண்டிப் போய் நின்று, மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"பயப்படாதே, எனக்குப் பைத்தியம் இல்ல. வெளியில முழங்கால் வரைக்கும் பனி. வேற எங்க ஓடறது?"

அவளுக்கு அரைகுறை பிரெஞ்சு தெரியும், ஆங்கிலம் வராது. எனக்கு அப்போது பிரெஞ்சு வராது. இரண்டையும் கலந்து, கையையும் ஆட்டி நாங்கள் பேசிக்கொண்டதைத்தான் இங்கே நம் தமிழில் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டை அந்தச் சுரங்கப்பாதையின் மூலையில் கவிழ்த்துப் போட்ட துணிக்கூடைகளின் மேல் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தோம். என் எலுமிச்சைச் சாதம் அவளுக்குப் பிடித்தது. அவள் கொண்டுவரும் பீட்ரூட் சூப்பின் மண்வாசனை எனக்குக் கடைசிவரை பழகவில்லை.

இரண்டாவது ஓட்டக்காரி

ஹலினா போலந்து நாட்டு ரிலே அணியில் ஓடியவள். நான்கு பேரில் இரண்டாவது. ஐரோப்பாவில் பல ஊர்களில் ஓடியிருக்கிறாள். பதக்கம் உண்டு. நான் பார்த்ததில்லை, ஏனென்றால் அவளே அதைக் கொண்டுவர முடியவில்லை.

அவள் கணவன் யெஜி யூதர். பள்ளிக்கூடத்தில் ரசாயனம் கற்பித்தவர். அறுபதுகளின் கடைசியில் அந்த நாட்டில் யூதர்களை வேலையிலிருந்து துரத்த ஆரம்பித்தபோது அவருக்கும் வேலை போனது. ஹலினா யூதப் பெண் இல்லை. 'கணவனை விட்டு விலகிவிடு, அணியில் இருக்கலாம்' என்று ஓர் அதிகாரி அவளைக் கூப்பிட்டுச் சொன்னாராம்.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. வீட்டுக்கு வந்து பெட்டி கட்டினேன். அப்ப எனக்கு இருபத்தெட்டு வயசு. இன்னும் நாலு வருஷம் ஓடியிருப்பேன்."

எல்லையில் பெட்டியைக் கொட்டிப் பார்த்த காவலர்கள் பதக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். இது நாட்டின் சொத்து என்றார்களாம். நாட்டைவிட்டுப் போக இவர்கள் கையில் கொடுத்திருந்த பயணத்தாளில், இதை வைத்திருப்பவர் எந்த நாட்டுக் குடிமகனும் அல்ல என்கிற மாதிரி எழுதியிருந்ததாம்.

இங்கே வந்ததும் யெஜிக்குப் புறநகரான புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. ஹலினாவுக்குச் சலவை. இரண்டு வருஷத்தில் அவள் பிரெஞ்சை நன்றாகவே பிடித்துக்கொண்டாள். எங்கள் வீடு இருந்த அஹுன்ட்சிக் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், வேலை முடிந்து சாயங்காலம் பெண்பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். சம்பளம் பேருக்குத்தான்.

நல்லவள் என்றுதான் அவளைப் பற்றி எழுதத் தோன்றுகிறது. ஆனால் மைதானத்தில் அவள் இரக்கமே இல்லாதவள். வயிற்று வலி என்றால் "ஓடு, சரியாயிடும்" என்பாள். அழுதால் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். பேட்டனைக் கீழே போட்டவள் மறுநாள் முழுக்க, தண்ணீர் குடிக்கும்போதுகூட, அதைக் கையில் பிடித்திருக்க வேண்டும். இப்படி இருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். நான்கைந்து பேரில் தொடங்கியது முப்பது பேரானது.

ஒரு நவம்பரில், புவாண்ட்-கிளேரிலிருந்து திரும்பும் பேருந்தில் யெஜி உட்கார்ந்தபடியே இறந்துபோனார். மாரடைப்பு. கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் எழுப்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஹலினா நான்கு நாள் மைதானத்துக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, எப்போதும் போல விசிலை ஊதினாள்.

இரண்டு ஊசிகள்

மிரேய் ஹெய்ட்டியிலிருந்து சிறுமியாக வந்தவள். அவள் அம்மா தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அப்பா அவர்களோடு இல்லை. ஹலினா தன் வாயால் யாரையும் புகழ மாட்டாள். மிரேயைப் பற்றி மட்டும் ஒருமுறை, "இவ என்னைவிட வேகம்" என்றாள்.

எங்கள் ஊரில் ஒலிம்பிக் நடக்கவிருந்த வருஷம் அது. தெருவெல்லாம் தோண்டிப் போட்டிருந்தார்கள். வசந்தத்தில் கனடா அணிக்கு முதல் கட்டத் தேர்வு. மிரேய்க்கு அந்த வருஷம்தான் குடியுரிமையும் கிடைத்திருந்தது. எல்லாம் கூடிவந்த நேரத்தில் அவளுடைய இடது குதிகால் தசைநார் வீங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹலினா அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தாள். சமையலறை நாற்காலியில் உட்காரவைத்துக் காலை அமுக்கிப் பார்த்தேன். தொட்டதும் பெண் பல்லைக் கடித்தாள்.

"ஓய்வுதான் மருந்து. ரெண்டு மாசம்" என்றேன்.

"ரெண்டு மாசம் இல்ல. அஞ்சு வாரம்தான் இருக்கு. கார்ட்டிசோன் ஊசி போடு."

"அதை இந்த இடத்துல போடக்கூடாதுன்னு சொல்ல ஆரம்பிச்சிருக்காங்க, ஹலினா. வலி போயிடும். ஆனா உள்ள நார் இத்துப்போகலாம்."

"எனக்குப் போட்டிருக்காங்க. மூணு தடவை. நான் ஓடலையா?"

மிரேய் என்னை நிமிர்ந்து பார்த்து, "ப்ளீஸ், டாக்டர்" என்றாள்.

மருத்துவமனையின் மருந்து அலமாரியிலிருந்து ஒரு குப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை. உரிமம் இல்லாமல், மேற்பார்வை இல்லாமல், என் வீட்டுச் சமையலறையில் அவளுக்கு ஊசி போட்டேன். ஒரே வாரத்தில் அவள் வலி இல்லாமல் ஓடினாள். ஹலினா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது வலி திரும்பியது. மறுபடி வந்தார்கள். இந்த முறை எச்சரிக்கைகூடச் செய்யவில்லை. ஊசியை எடுத்தேன். முதல் முறை எனக்குத் தயக்கமாவது இருந்தது. இரண்டாவது முறை, அவள் ஜெயித்தால் அதில் என் பங்கும் இருக்கும் என்ற நினைப்புதான் இருந்தது. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

நூலக அறையில்

தேர்வு நாளில் மைதானத்தில் விழுந்தவளை அன்றே வேறொரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். தசைநார் முழுவதும் அறுந்திருந்தது. அறுவை செய்தவர், அந்த இடத்தில் மருந்துப் படிவு இருந்ததையும் தோலில் ஊசித்தடம் இருந்ததையும் எழுதிவைத்தார். தடகளச் சங்கம் விசாரணைக்கு உத்தரவிட்டது. ஊசி போட்டது யார் என்று படுக்கையில் இருந்த மிரேயைக் கேட்டதற்கு அவள் யார் பெயரையும் சொல்லவில்லையாம்.

முதலில் ஓடிப்போய்க் காலைப் பார்த்த டாக்டர் என்று என் பெயரையும் சாட்சிப் பட்டியலில் போட்டிருந்தார்கள். முதலில் ஓடிப்போனது நான் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஹலினா ஓட்டம் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தில்தான் விசாரணை. ராமநாதன்தான் காரில் கொண்டுவிட்டார். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"வசந்தா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீயா எதையும் ஆரம்பிக்காதே."

"நேரா கேட்டுட்டா?"

"லைசென்ஸ் வர இன்னும் நாலஞ்சு மாசம்தான் இருக்கு. எட்டு வருஷமா இதுக்காகத்தானே கஷ்டப்படறே."

"நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலையே."

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கிக்கொண்டேன்.

பள்ளிக்கூட நூலகத்தில் நீள மேஜை. சங்கத்திலிருந்து மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஹலினா கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தாள். யெஜியின் அடக்கத்துக்குப் போட்ட அதே கோட்டு. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"ஊசி போட்டது யார்?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"நான்தான்" என்றாள் ஹலினா.

"உனக்கு ஊசி போடத் தெரியுமா?"

"எனக்குப் போட்டதைப் பார்த்திருக்கேன்."

"மருந்து?"

"நான் மருத்துவமனையில வேலை பார்க்கறேன். அங்கேருந்து எடுத்தேன்."

திருடினேன் என்று எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். எழுதிக்கொள்ளுங்கள் என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "டாக்டர், நீங்கள் இவருக்குத் தோழி. இந்த ஊசி விஷயம் உங்களுக்கு முன்பே தெரியுமா?"

அதற்குள் எனக்கு நன்றாகவே பிரெஞ்சு வந்திருந்தது. விளக்கமாகச் சொல்ல எத்தனையோ வார்த்தைகள் தெரியும். "நோன்" என்றேன். தெரியாது.

ஹலினா என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் நான் உடைந்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி எங்கேயும் பயிற்சி கொடுக்கக்கூடாது என்று அவளுக்குத் தடை போட்டார்கள். அந்த வாரமே மருத்துவமனை அவளை வேலையிலிருந்து நீக்கியது. போலீசுக்குப் போகாமல் விட்டதே பெரிய விஷயம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அந்தப் பேச்சில் தலையாட்டினேன்.

வரிசையில் வந்தவள்

அந்தக் கோடையில் ஊர் முழுக்கக் கொடிகள். போலந்து அணியும் வந்திருந்தது. ஹலினாவோடு ஓடியவர்களில் ஒருத்தி அந்த அணிக்குப் பயிற்சியாளராக வந்திருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஹலினா போய்ப் பார்க்கவில்லை. அவள் அப்போது புவாண்ட்-கிளேரில், யெஜி வேலை பார்த்த அதே கிடங்கில் சேர்ந்திருந்தாள். எப்படி இருக்கிறாள் என்று நான் போய்க் கேட்கவில்லை.

அதைவிட மோசமான ஒன்றையும் செய்தேன். கட்டுப் பிரித்த பிறகு, நடைப்பயிற்சிக்காக மிரேயை எங்கள் மருத்துவமனையில் நான் இருந்த பிரிவுக்குத்தான் அனுப்பினார்கள். பட்டியலில் அவள் பெயரைப் பார்த்ததும் வேறொரு டாக்டரின் நோயாளியோடு மாற்றிக்கொண்டேன். அவள் வரும் நாட்களில் பின்பக்க மாடிப்படியில் போய்வந்தேன்.

இலையுதிர் காலத்தில் உரிமம் வந்தது. வீட்டில் கேசரி கிளறினேன். அடுத்த வாரமே, வெளிநோயாளிகள் வரிசையில் ஹலினா உட்கார்ந்திருந்தாள். கையில் டோக்கன். முறை வந்ததும் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். மெலிந்திருந்தாள். கை விரல்களில் அட்டைப்பெட்டி கிழித்த கீறல்கள்.

"மிரேயை ஏன் பார்க்க மாட்டேங்கறே?"

"வேற நல்ல டாக்டர்தான் பார்க்கறார்..."

"அவருக்கு என்ன தெரியும்? எவ்வளவு மருந்து, எந்த இடம், எந்தெந்த நாள்? நான் போட்டதாத்தானே எழுதியிருக்கு. எனக்கு அதெல்லாம் சொல்லத் தெரியுமா? உனக்குத்தான் தெரியும்."

நான் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினேன்.

"நீ டாக்டரா இருந்தா அவ காலைப் பார்ப்பேன்னுதான் அன்னிக்கு அப்படிச் சொன்னேன்" என்றாள். "உன்மேல இருக்கற பிரியத்துல இல்ல. அதைப் புரிஞ்சுக்கோ."

எழுந்து போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து மிரேயை நானே பார்த்தேன். வாரம் இரண்டு முறை. தசை சூம்பிப் போயிருந்தது. ஐந்து மாதம் இழுத்துப் பிடித்து, வெந்நீரில் வைத்து, படியேற வைத்து, ஊன்றுகோல் இல்லாமல் நடக்க வைத்தேன். மிரேய் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

பனி கரையத் தொடங்கியிருந்த ஒரு நாள் அவள் அம்மாவும் கூட வந்திருந்தார். நான் பெண்ணின் குதிகாலை நீவிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஊசி போட்டதும் இதே கைதானே, டாக்டர்?"

கோபமாகக் கேட்கவில்லை. அடையாளம் தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டார். மிரேய் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆமாம்" என்றேன்.

அவ்வளவுதான். அவர் தலையசைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து கம்பளிப் பின்னலை எடுத்துப் பின்ன ஆரம்பித்தார்.

எழுதியது

அந்த வாரம் இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று டாக்டர்களுக்கு உரிமம் தரும் குழுவுக்கு, ஒன்று தடகளச் சங்கத்துக்கு. நடந்ததை நடந்தபடி. ராமநாதன் படித்துப் பார்த்துவிட்டுத் தபால்தலை ஒட்டினார். உரிமத்தையே பிடுங்கிவிடுவார்கள் என்றுதான் இருவரும் நினைத்தோம். ஆறு மாதத் தடையோடு விட்டார்கள். ஹலினாவின்மேல் இருந்த திருட்டுக் குற்றத்தைச் சங்கம் நீக்கியது. பயிற்சி கொடுக்கும் தடையை நீக்கவில்லை. வலி இருந்தது தெரிந்தே ஓடவைத்தது அவள்தானே என்று காரணம் எழுதியிருந்தார்கள். அதில் தப்புச் சொல்ல முடியவில்லை.

பதில் கடிதங்களை எடுத்துக்கொண்டு புவாண்ட்-கிளேருக்குப் போனேன். மதிய இடைவேளை. கிடங்கின் பின்பக்கம், லாரிகள் நிற்கும் மேடையின் விளிம்பில் உட்கார்ந்து ஹலினா ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். தரையெல்லாம் சேறும் கரையும் பனியும். நான் நின்றபடியே சொன்னேன்.

"எல்லாத்தையும் எழுதிட்டேன், ஹலினா. ஆறு மாசம் வேலை செய்யக்கூடாதுன்னுட்டாங்க. உன் பேர்ல இனிமே திருட்டுக் குத்தம் இல்ல."

அவள் வாயில் இருந்ததை மென்று முடித்தாள்.

"ஆறு மாசமா?"

"ஆமாம்."

"இந்த ஆறு மாசம் அவ காலை யார் பார்ப்பா?"

நான் கையிலிருந்த கடிதங்களை மடித்தேன்.

"எழுதறதுக்கு முன்னாடி அதை யோசிச்சியா?"

"இல்ல" என்றேன்.

அவள் ரொட்டி சுற்றிவந்த காகிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். "சரி. நீ எழுதினது உனக்கு நல்லது" என்றாள். குத்தலாகச் சொன்னதாகத் தெரியவில்லை. கையுறைகளை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

மற்றது எனக்கு மிரேயின் அம்மா சொல்லித் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹலினா இரண்டு பேருந்து மாறி அவர்கள் வீட்டுக்கு வந்தாளாம். நான் செய்துவந்த பயிற்சி என்னென்ன என்று மிரேயையே கேட்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டாளாம். அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறவில்லை. நடைகூடத்தில் அந்தப் பெண்ணை முன்னும் பின்னும் நடக்கவைத்து, வெளி இரும்புப் படிக்கட்டில் ஒற்றைக் குதிகாலில் எழும்பவைத்து, வலிக்கிறது என்று சொன்ன இடத்தில் நிறுத்தினாளாம். "உடனே நிறுத்திடுவாங்க, டாக்டர். ஒரு தடவைகூட 'ஓடு'ன்னு சொல்லல" என்றார் அம்மா.

மிரேய் மறுபடி ஓடவில்லை. வேகமாக நடப்பாள், படி ஏறுவாள், அவ்வளவுதான். ஆறு மாதம் முடிந்து நான் மருத்துவமனைக்குத் திரும்பிய முதல் வாரம் அவளை வரச்சொல்லிக் காலைப் பிடித்துப் பார்த்தேன். அந்தக் காலுக்கு நான் செய்ய ஒன்றும் மிச்சம் இல்லை.